உள்ளங்கையில் தெரியும் பல்நோய்: பாப்பியோன்–லெஃபெவ்ர் நோயின் சிகிச்சை வரலாறும் எர்ணாவூர்ச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பதோடு, ஈறும் பற்குழி எலும்பும் அழிந்து பால்பற்களும் நிலைப்பற்களும் இளமையிலேயே உதிரும் அரிய மரபுநோய் 1924இல் பிரான்சில் விவரிக்கப்பட்டது. தோல்நோயாகவே அறிமுகமான இந்நோய் பல் மருத்துவத்தின் பொறுப்பாக மாறியதையும், பல்லைப் பிடுங்குதல் என்னும் செயல் கைவிடலாக இருந்து பின்னர்ச் சிகிச்சைத் திட்டமாக வளர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கொச்சி யூதர்களிடம் கண்டறியப்பட்ட இதன் கிளைவடிவம் தென்னிந்தியத் தொடர்புடையதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சிகிச்சையின் வெற்றி மருந்தைக் காட்டிலும் காலத்தைச் சார்ந்தது என்னும் கருத்து, வடசென்னையின் எர்ணாவூர்ச் சூழலில் வைத்துப் பார்க்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஈறுநோய், மரபுநோய், பாப்பியோன்–லெஃபெவ்ர், கொச்சி யூதர், உறவுமுறைத் திருமணம், எர்ணாவூர், வடசென்னை

முன்னுரை

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஊர் எர்ணாவூர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகள் இங்கு எழுந்தன. 2011இல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது இவ்வூரும் மாநகரின் பகுதியாயிற்று. வலை இழுப்போரும் சுமை தூக்குவோரும் ஆலைத் தொழிலாளரும் வாழும் இத்தகைய ஊரில் கை காய்த்திருப்பதை யாரும் நோயாகக் கருதுவதில்லை. ஆயினும் மூன்று வயதுக் குழந்தையின் உள்ளங்கை காய்த்திருந்தால், அக்காய்ப்புக்கு உழைப்பு காரணமாக இருக்க முடியாது. அதே குழந்தையின் ஈறு சிவந்து வீங்கி, பால்பற்கள் விழவேண்டிய வயதுக்கு முன்பே ஆடத் தொடங்கினால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய தேவை எழுகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எளிதன்று. கையைக் காட்ட ஒரு மருத்துவரிடமும் வாயைக் காட்ட வேறொரு மருத்துவரிடமும் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். தோலும் பல்லும் ஒரே நோயின் இரு முகங்களாக அறியப்பட்ட வரலாறு, இந்தப் பிரிவினையைக் கடந்த வரலாறுமாகும்.

1924: அண்ணன் தங்கையாகவோ அக்கா தம்பியாகவோ

பாப்பியோன், லெஃபெவ்ர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் 1924இல் உடன்பிறந்த ஓர் ஆணையும் பெண்ணையும் பற்றிய குறிப்பைப் பிரெஞ்சுத் தோல்நோய்ச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். அக்குறிப்பின் தலைப்பே ஒரு வரலாற்றுச் சான்றாக அமைகிறது. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடிப்பு என்பது முதலில் நிற்கிறது; கடுமையான பல் மாற்றங்கள் அதனோடு உடன்காணப்பட்டவையாகப் பின்னால் வருகின்றன. தோல் தடிப்பை அவர்கள் மெலேடா நோய் என்றே கருதினர். மெலேடா என்பது ஆட்ரியாட்டிக் கடலில், இன்றைய குரோவேசியாவுக்கு உரிய மிலியெத் தீவின் பழைய பெயர். அத்தீவு மக்களிடம் பரம்பரையாகக் காணப்பட்ட தோல் தடிப்பு நோய் ஏற்கனவே தோல் மருத்துவர்களுக்கு அறிமுகமாகியிருந்தது. புதிதாகக் கண்டதை அறிந்த பெயருக்குள் அடக்குவது மருத்துவ வரலாற்றில் இயல்பாக நிகழ்வதே. மெலேடா நோயில் பற்கள் உதிர்வதில்லை என்பதே பின்னாளில் இவ்விரண்டையும் வேறுபடுத்த உதவியது.

உடன்பிறந்தார் இருவருக்கு நோய் இருந்து, பெற்றோர் நலமாக இருப்பது மரபியல் நோக்கில் பொருளுடையது. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுற்ற மரபணுப் படிகள் இரண்டும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு மரபுநோய்க்குரிய அமைப்பு அது. 1964இல் கோர்லின், செடானோ, ஆண்டர்சன் ஆகியோர் அதுவரை அறியப்பட்ட குடும்பங்களைத் தொகுத்து ஆராய்ந்து இதனை நிறுவினர். பத்து இலட்சம் பேரில் ஒருவர் முதல் நால்வர் வரை இந்நோய்க்கு ஆளாகலாம் என்பது இன்றுவரை எடுத்தாளப்படும் மதிப்பீடு. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் பெற்றோர் இரத்த உறவினர் என்பதும் மருத்துவ நூல்கள் தொடர்ந்து சுட்டும் செய்தியாகும்.

நோயின் போக்கு ஒரு நாட்காட்டியைப் போல ஒழுங்கானது. பால்பற்கள் உரிய காலத்தில், உரிய வடிவில் முளைக்கின்றன. முளைத்த சிறிது காலத்திலேயே ஈறு சிவந்து, வீங்கி, சீழ்வடிந்து, பற்குழி எலும்பு கரைகிறது. நான்கு ஐந்து வயதுக்குள் பால்பற்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. பல் போனதும் ஈறு தானாகவே ஆறி வெளிர்நிறம் பெறுகிறது. ஆறாம் வயதில் நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்கியதும் அழற்சி மீண்டும் தலைகாட்டுகிறது. பதினைந்து, பதினாறு வயதில் வாய் முதியவர் வாயைப்போல் ஆகிவிடுகிறது. பல்லற்ற இடைக்காலத்தில் ஈறு ஆறுவதைத் தொடக்கக்கால மருத்துவர்கள் கண்டு எழுதினர். அந்தக் கவனிப்பில் ஒரு சிகிச்சையின் விதை இருந்ததை உணர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

கொச்சியிலிருந்து ஹைஃபாவுக்கு

இந்நோயின் வரலாற்றில் தென்னிந்தியாவுக்கு ஓர் இடம் உண்டு. ஆயினும் அது நிகழ்ந்த களம் தென்னிந்தியா அன்று. மலையாளம் பேசிய கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலில் குடியேறினர். நூற்றாண்டுகளாகத் தம்முள்ளேயே மணவுறவு கொண்ட சிறு சமூகம் அது. ஹைம், முங்க் என்னும் இஸ்ரேலிய மருத்துவர்கள் 1965இல் இச்சமூகத்துக் குடும்பம் ஒன்றில் உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்பையும் ஈறழிவையும் கண்டனர். அவற்றோடு சிலந்திக்கால் போன்று நீண்டு மெலிந்த விரல்களும், விரல் நுனி எலும்புகளின் திரிபும், தட்டைப்பாதமும், கொம்புபோல் வளைந்து தடித்த நகங்களும் சேர்ந்திருந்தன. இதனால் அது தனி நோயாகக் கருதப்பட்டு ஹைம்–முங்க் நோய் எனப் பெயர்பெற்றது.

இதில் கவனிக்கத்தக்க ஒரு முரண் உள்ளது. மட்டாஞ்சேரித் தெருக்களில் தலைமுறைகளாக இருந்திருக்கக்கூடிய ஒரு நோய், அம்மக்கள் கடல் கடந்து, ஒழுங்கான மருத்துவப் பதிவுமுறை உள்ள ஊரில் குடியேறிய பின்னரே பெயர் பெற்றது. அரிய நோய்கள் எங்கே மிகுதி என்று கேட்கும்போது, எங்கே அவை எழுதிவைக்கப்பட்டன என்பதையும் உடன் கேட்கவேண்டும். இந்தியத் தோல் மருத்துவ, பல் மருத்துவ இதழ்களில் பிற்காலத்தில் பாப்பியோன்–லெஃபெவ்ர் நோயாளிகள் பற்றிய குறிப்புகள் தொடர்ந்து வெளிவருவதை இந்நோக்கிலேயே புரிந்துகொள்ள வேண்டும். நோய் பெருகியதற்கு அவற்றைச் சான்றாகக் கொள்வதினும், அதைக் காணும் கண்கள் பெருகியதற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தமானது.

பிடுங்குதலின் இரு பொருள்கள்

நெடுங்காலம் இந்நோய்க்குப் பல் மருத்துவர் செய்ததெல்லாம் ஆடும் பல்லை எடுத்து, உரிய வயதில் பொய்ப்பற்கள் கட்டித் தருவதே. பற்காரை நீக்கம், வாய் கழுவும் நீர், துலக்கும் பயிற்சி ஆகியவை அளிக்கப்பட்டும் பற்கள் விழுந்தன. மரபில் வந்தது மருந்துக்கு அடங்காது என்ற எண்ணம் மருத்துவரிடமும் நிலவியது. அந்நிலையில் பல் பிடுங்குதல் என்பது தோல்வியின் ஒப்புதலாகவே இருந்தது.

1981இல் பேயர், மெக்டொனால்ட் இருவரும் முன்வைத்த வழி இதைத் தலைகீழாக்கியது. நிலைப்பற்கள் முளைப்பதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே எஞ்சிய பால்பற்கள் அனைத்தையும் திட்டமிட்டு எடுத்துவிட வேண்டும். வாய் சிறிது காலம் பல்லின்றி இருக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் துணையாக வேண்டும் என்பது அதன் சாரம். நோயைக் கிளறும் நுண்ணுயிர்கள் பல்லுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பையில் வாழ்பவை. பல் இல்லையேல் பையும் இல்லை. அதனால் புதிதாக முளைக்கும் நிலைப்பல் நோய்க்கிருமி குறைந்த வாயில் முளைக்கிறது. ஈறு பல்லற்ற காலத்தில் ஆறுகிறது என்ற பழைய கவனிப்பே இங்குச் சிகிச்சையாக உருமாறியது.

எந்த நுண்ணுயிர் என்ற வினாவுக்கும் அந்தப் பத்தாண்டிலேயே விடை துலங்கியது. ஆக்டினோபேசில்லஸ் ஆக்டினோமைசிடெம்கோமிட்டன்ஸ் என்பது அதன் அன்றைய பெயர். 2006இல் அக்ரிகேட்டிபாக்டர் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. 1986இல் டினனாஃப் குழுவினரும், 1987, 1988 ஆண்டுகளில் நார்வேயின் பிரியூசும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வுகள் இந்நுண்ணுயிரை வாயிலிருந்து அகற்றுவதைச் சிகிச்சையின் மையத்தில் நிறுத்தின. 1989இல் ஆம்ஸ்டர்டாமில் வான் விங்கெல்ஹாஃப் குழுவினர், அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் ஆகிய இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது இந்நுண்ணுயிரை ஒடுக்குவதைக் காட்டினர். அவர்களின் நோயாளிகள் வேறுவகை ஈறுநோய் உடையவர்கள். எனினும் அந்த இணைப்பே பின்னர் இம்மரபுநோய்க்கும் கைக்கொள்ளப்பட்டது. இவ்விரண்டும் விலை மலிந்த, எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும் மருந்துகள் என்பது இந்தியச் சூழலில் சிறிய செய்தியன்று. முன்பு பயன்பட்ட டெட்ராசைக்கிளின் வளரும் பற்களில் நிறக்கறையை ஏற்படுத்துவதால் எட்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் தவிர்க்கப்படுகிறது.

தோல் மருத்துவரின் பங்கும் இணையாக வளர்ந்தது. வைட்டமின் ஏ வழிவந்த எட்ரெட்டினேட், அசிட்ரெட்டின் ஆகியவை 1980களில் உள்ளங்கைத் தடிப்பைக் கரைக்கப் பயன்பட்டன. இவை ஈறுக்கும் நன்மை செய்ததாகச் சில குறிப்புகள் கூறினாலும், ஈறு சிகிச்சையின் இடத்தை இவற்றால் நிரப்ப இயலாது. கருவுக்குக் கடுந்தீங்கு விளைவிப்பவை என்பதால், பருவமடைந்த பெண்களுக்கு இவற்றைக் கொடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அசிட்ரெட்டினை நிறுத்திய பின்னும் மூன்றாண்டுகள் கருத்தரித்தல் தவிர்க்கப்பட வேண்டும்.

இச்சிகிச்சைகளின் பயனை ஒரே இடத்தில் பெருந்தொகையான நோயாளிகளிடம் அளந்து பார்க்கும் வாய்ப்பு சவூதி அரேபியாவில் அமைந்தது. உறவுமுறைத் திருமணம் மிகுந்த அந்நாட்டில் உல்புரோ குழுவினர் 35 இளம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2005இல் முடிவை வெளியிட்டனர். ஒழுங்காக வந்து, சொன்னபடி செய்தோருக்குப் பற்கள் நிலைத்தன. வருகை தளர்ந்தோருக்கு அவ்வாறு அமையவில்லை. எளிய முடிவாகத் தோன்றினும் இதன் எடை பெரிது. மரபின் தீர்ப்பு என்று கைவிடப்பட்ட பற்களின் கதி, மாதத் தவணைகளையும் பெற்றோரின் கூலி நாள்களையும் பேருந்துக் கட்டணத்தையும் சார்ந்திருப்பதாக அது காட்டியது.

திட்டமிட்ட பிடுங்குதலை ஒரு தாயிடம் விளக்குவது எளிதன்று என்பதையும் இங்குக் கருதவேண்டும். பல்லைக் காக்க வேண்டி வந்தவரிடம், எஞ்சியிருக்கும் பற்களையும் எடுத்துவிடலாம் என்று கூறவேண்டியுள்ளது. குழந்தை பள்ளியில் சேரும் பருவத்தில் பல்லின்றிச் சிரிக்கும், கேலிக்கு ஆளாகும், 'த', 'ச' போன்ற ஒலிகளில் பிசகும். குழந்தைக்குரிய பொய்ப்பற்கள் செய்து தரலாம். ஆனால் தாடை வளர வளர அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல்வேர் பதியம் எனப்படும் செயற்கை வேர் பொருத்துதல் தாடை வளர்ச்சி முடிந்த பின்னரே கருதத்தக்கது. இவற்றை மருத்துவக் குறிப்புகள் ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றன. குடும்பத்துக்கு அவையே பத்தாண்டு வாழ்க்கை.

1999: நொதியின் பெயர்

1999இல் டூம்ஸ் குழுவினரும் ஹார்ட் குழுவினரும் தனித்தனியே நோய்க்காரணத்தை 11ஆம் நிறப்புரியில் உள்ள கத்தெப்சின் சி மரபணுவில் கண்டனர். 2000இல் ஹார்ட் குழுவினர் கொச்சி யூதக் குடும்பங்களின் ஹைம்–முங்க் நோயும் அதே மரபணுவின் வேறொரு திரிபே என நிறுவினர். மட்டாஞ்சேரியும் பாரிசும் ஒரு மரபணுவில் சந்தித்தன.

கத்தெப்சின் சி என்னும் நொதி, நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்களின் கிருமிக்கொல்லி நொதிகளை முடுக்கிவிடுவது. அது செயலற்றால் வெள்ளணுக்கள் ஈறுக்குத் திரளாக வந்தும், உறையிலிருந்து வாளை உருவ முடியாத காவலரைப்போல் நிற்கின்றன. கிருமி ஒழியாமையால் அழற்சி ஓய்வதில்லை. ஓயாத அழற்சி எலும்பைக் கரைக்கிறது. இந்நோயாளிகளில் சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி தோன்றுவதற்கும் இக்குறைபாடு தொடர்புடையது. காரணமறியாக் காய்ச்சலோடு வரும் இத்தகைய குழந்தையை ஈறுநோயாளி என்று மட்டும் எண்ணி அனுப்பிவிடலாகாது.

இங்கு ஒரு கிளைச்செய்தி. நுரையீரல் மூச்சுக்குழாய் விரிவு நோயில் இதே வெள்ளணு நொதிகள் மிகையாகச் செயல்பட்டுத் தீங்கு செய்வதால், கத்தெப்சின் சி நொதியை வேண்டுமென்றே தடுக்கும் பிரென்சோகாட்டிப் என்னும் மருந்து உருவாக்கப்பட்டு 2025இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் சோதனைகளின்போது நோயாளிகளின் ஈறும் தோல் தடிப்பும் தனியே கண்காணிக்கப்பட்டன. அப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதைக் கற்பித்தவர்கள் இவ்வரிய நோயுள்ள குழந்தைகளே.

எர்ணாவூர்ச் சூழலில்

ஆலைகள் நிறைந்த நிலப்பகுதியில் எந்நோய்க்கும் காற்றையும் நீரையும் காரணம் காட்டுவது இயற்கை. பல வேளைகளில் நியாயமும்கூட. எர்ணாவூருக்கு அருகே உள்ள விம்கோ நகர், தீப்பெட்டி நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கிய இடம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீக்குச்சித் தொழிலாளரின் தாடை எலும்பை வெண்பாஸ்பரஸ் அழுகச் செய்தது பல் மருத்துவ வரலாறு அறிந்த கொடுமை. இந்தியாவில் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகள் 1913இன் சட்டத்தால் தடுக்கப்பட்டன. விம்கோ நிறுவனம் தோன்றியது அதற்குப் பின்னரே. தாடையை அழிக்கும் நோய்க்குத் தொழிலே காரணமாகலாம் என்பதற்கு இவ்வரலாறு சான்று. எனினும் பாப்பியோன்–லெஃபெவ்ர் நோய்க்குப் புகைபோக்கியோ கழிவுநீரோ காரணமன்று. பெற்றோரின் கவனக்குறைவோ, குழந்தை தின்ற இனிப்போ, துலக்காத பல்லோ அதற்குக் காரணமாகா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

உறவுமுறைத் திருமணத்தின் பங்கை மறுக்க இயலாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால்பங்குக்குக் குறையாதோர் இரத்த உறவில் மணந்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, எந்த ஒரு மரபணுவிலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த இரு படிகள் சேரும் வாய்ப்பு 16இல் ஒன்று. தாய்மாமனை மணந்தால் 8இல் ஒன்று. ஆயினும் பழுதுற்ற படியே அரிதாகையால், உறவில் மணந்த மிகப் பெரும்பாலான குடும்பங்களில் இந்நோய் தோன்றுவதில்லை. நோய்க்குழந்தையைப் பெற்ற தாயை ஊர் பழிக்கும் வழக்கத்துக்கு இக்கணக்கு எவ்வகையிலும் ஆதாரமாகாது.

சிகிச்சைக்கான நிறுவனங்கள் வடசென்னைக்கு எட்டாத தொலைவில் இல்லை. 1938இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லி இராயபுரம் பகுதியில் உள்ளது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கி வளர்ந்த தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை இரயில் நிலையத்தை அடுத்து அமைந்துள்ளது. 2021 முதல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. ஆகவே தொலைவைக் காட்டிலும் வரிசையே சிக்கலாகிறது. காய்த்த கை முதலில் தோல் பிரிவுக்கும், ஆடும் பல் பின்னர்ப் பல் பிரிவுக்கும் செல்லும்போது, இடையில் கழியும் ஓராண்டு நோயின் நாட்காட்டியில் பால்பற்கள் முழுவதையும் விழுங்கிவிடக்கூடும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதிக்கிறது. அதன் பட்டியலில் பற்சொத்தை உண்டு. சிரங்கு, படை போன்ற தோல்நோய்களும் உண்டு. பரிசோதகர் வாயையும் கையையும் பார்க்கவே செய்கிறார். சொத்தை இல்லாத, வெண்மையான, ஆனால் ஆடும் பால்பல் ஒன்றைக் காணும்போது குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தடிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வயதுக்குள் வெளிப்பட்டுவிடுகிறது. முதல் நிலைக் கடைவாய்ப்பல் ஆறு வயதை ஒட்டி முளைக்கிறது. திட்டமிட்ட சிகிச்சைக்குக் கிடைக்கும் இடைவெளி இவ்வளவே.

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், அடுத்துப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூத்த குழந்தை மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் பற்கள் ஆடத் தொடங்கிவிட்டிருக்கும். உடன்வந்து தாயின் மடியில் அமர்ந்திருக்கும் இளைய குழந்தைக்கு அப்போது பல்லே முளைத்திராமல் இருக்கலாம். 1924இன் குறிப்பில் உடன்பிறந்த இரண்டாமவர், நோய் பரம்பரையில் வருவது என்பதற்கான சான்றாக மட்டுமே இடம்பெற்றார். இன்று அக்குழந்தைக்கே சிகிச்சையை முழுமையாக, முதல் பல்லிலிருந்து தொடங்க முடியும்.